மேல்நிலை மாணவரின் மன அழுத்தமும் பள்ளியின் கால அட்டவணையும்

மாணவரின் மன அழுத்தம் குறித்த பேச்சு நம்மிடையே பெரும்பாலும் தியானம், மூச்சுப்பயிற்சி, தன்னம்பிக்கை உரை என்ற அளவில் நின்றுவிடுகிறது. சமாளிக்கும் திறன் பிள்ளைகளிடம் குறைவு, அதை ஊட்டினால் போதும் என்பது இதற்கு அடிப்படை. தமிழ்நாட்டின் பிளஸ் டூ மாணவரைப் பொறுத்தவரை இந்த அடிப்படையே பிழையானது.

ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் இருவரும் 1984இல் வெளியிட்ட நூலில் சமாளிப்பை இரண்டாகப் பிரித்தனர். சிக்கலையே மாற்ற முயல்வது ஒன்று. அது கிளப்பும் உணர்ச்சியைத் தணித்துக்கொள்வது மற்றொன்று. நிலைமை தன் கைக்குள் இல்லை என்று கருதுபவர் இரண்டாவதையே அதிகம் நாடுவார். அழுவதையும் ஒதுங்குவதையும் செல்பேசியில் மூழ்குவதையும் பிள்ளையின் குணக்குறையாக எழுதிவைக்கும் முன், அவர் கையில் நாம் எதை விட்டுவைத்தோம் என்று பார்க்க வேண்டும்.

விடுதியுடன் நடக்கும் தனியார் பள்ளிகள் பலவற்றில் விடிகாலை 5 மணிக்கே ‘ஸ்டடி’ தொடங்கிவிடுகிறது. இரவு 11 மணிக்குப் படுக்கும் பிள்ளைக்கு மிஞ்சுவது 6 மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் தந்த பரிந்துரை. காலையில் ஸ்லிப் டெஸ்ட்; மாலையில் மதிப்பெண் இறங்குவரிசையில் பெயர் சொல்லித் தாள் கொடுப்பார்கள். கடைசியாக அழைக்கப்படும் பிள்ளை வகுப்பு முழுவதும் பார்த்திருக்க எழுந்து போய் வாங்கி வர வேண்டும். இதில் எதையும் மாற்றும் உரிமை அவருக்கு இல்லை. மூச்சுப்பயிற்சியால் அந்த 6 மணி நேரம் 8 ஆகிவிடாது.

அழுத்தத்தின் மூலத்தில் அரசு கைவைத்ததும் உண்டு. மாநில அளவில் முதலிடம் பெற்றவர்களின் பெயர்களை அறிவிக்கும் வழக்கம் 2017இல் கைவிடப்பட்டது, நல்ல முடிவு. ஆனால் பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் ஈராண்டும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்த பள்ளிகளைத் தடுக்க, 2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. பள்ளிகள் செய்த தவற்றுக்குப் பிள்ளைகள் அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு எழுத நேர்ந்தது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வை நீக்கியது. வரவேற்கலாம். ஆயினும், வகுப்பறையில் எந்தப் பாடம் எத்தனை மணிவரை நடக்கிறது என்று நேரில் போய்ப் பார்க்கும் ஆய்வு இல்லாவிட்டால் பழைய உருப்போடலே திரும்பி வரும்.

மதிப்பெண்ணைக் கொண்டு மாணவரைத் இயன்றவரை தனித்தனி வகுப்பாகப் பிரிக்கக் கூடாது, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற உளவியல் ஆலோசகரை அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியது. ஆலோசகர் வந்துவிட்டார் என்பதற்காக 5 மணி ‘ஸ்டடி’யை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. மாணவரிடம் வினாநிரல் கொடுத்து அழுத்தத்தை அளக்கும் நம் ஆய்வாளர்கள், அவர் படிக்கும் பள்ளியின் கால அட்டவணையையும் தூக்க நேரத்தையும் தரவாகச் சேர்த்தே முடிவுக்கு வர வேண்டும்.