மருத்துவமனை நோயாளிகளின் நலிவும் ஊட்டக்குறைவும்

நலிவு என்பது உடலின் கையிருப்பு வலு கரைந்து, சிறு காய்ச்சலோ சறுக்கி விழுதலோ நேர்ந்தாலும் பழைய நிலைக்கு மீள முடியாமல் போகும் நிலை. முதுமையில் இது மிகுதி. ஆயினும் முதுமையும் நலிவும் ஒன்றல்ல. படுக்கையில் கழியும் நாட்களில் ஊட்டக்குறைவும் சேர்ந்தால், வந்த நோய் தீர்ந்த பின்னும் நோயாளி நடக்க இயலாதவராக வீடு திரும்பக்கூடும்.

கண்டறிதல்

மருத்துவர் லிண்டா ஃபிரைடு குழுவினர் 2001இல் ஐந்து அடையாளங்களை வகுத்தனர்: தானாக எடை இறங்குதல், தீராத அசதி, கைப்பிடி தளர்தல், நடை மந்தமாதல், நடமாட்டம் சுருங்குதல். மூன்று இருந்தாலே நலிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் முன்நிலை. ஆசியர்களுக்கான 2019 வரையறைப்படி, ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைந்த கைப்பிடி, தசைவலுக் குறைவைக் காட்டும். கருவி இல்லாத இடத்தில், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழச் சொல்வார்கள்; 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் தளர்ச்சி. திண்டுக்கல் மாவட்டத்தின் சின்னாளப்பட்டி போன்ற நெசவூரில், குழித்தறியிலிருந்து எழுவதற்கு ஒருவர் கைத்தாங்கல் தேடத் தொடங்குவதும் இதே எச்சரிக்கைதான்.

காரணங்கள்

பசியின்மை, வாய்ப்புண், பரிசோதனைக்காக அடிக்கடி வெறும் வயிற்றோடு இருத்தல், அசையாமல் கிடத்தல் ஆகியவை முதன்மையானவை. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நலமாயிருந்த முதியவர்கள் பத்து நாள் படுக்கையிலேயே இருந்ததில் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை இழந்தனர்.

உணவில் புரதம் போதாமையும் ஒரு காரணம். நோயுற்ற முதியவருக்கு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 60 முதல் 75 கிராம். இரண்டு இட்லியில் கிடைப்பது ஏறத்தாழ 4 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம். ‘குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும்’ என்ற நம்பிக்கை பரவலானது. ஆனால் 5 விழுக்காடு குளுக்கோஸ் கரைசலின் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. நூறு கலோரிக்கும் குறைவு, புரதம் அறவே இல்லை.

சிக்கல்கள்

படுக்கைப்புண், ஆறாத அறுவைக்காயம், தொற்று, மனக்குழப்பம், கீழே விழுதல், உணவு புரையேறி வரும் நிமோனியா ஆகியவை நேரலாம். பல நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென நிறைய உணவு தந்தால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத் துடிப்பு தடுமாறக்கூடும். ஆகவே தயமின் (வைட்டமின் பி1) தந்து, உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவர். இத்தகைய பட்டினி மருத்துவமனைக்குள்ளேயே நிகழ்வதை, மருத்துவர் சார்லஸ் பட்டர்வொர்த் 1974இல் எழுதிய கட்டுரை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டில்

மருத்துவர் வ. செ. நடராசன் 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். இத்துறையில் இந்தியாவின் முன்னோடி அது. சின்னாளப்பட்டிக்கு அருகே, மருத்துவர் சௌந்தரம் இராமச்சந்திரன் உருவாக்கிய காந்திகிராமம் கஸ்தூர்பா மருத்துவமனையும், திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது.

தடுப்பு

சேர்க்கையின்போதே எடை பார்த்தல், தட்டில் மீந்ததைக் குறித்துவைத்தல், கஞ்சியோடு முட்டை, பருப்பு, பால் சேர்த்தல், முடிந்த அளவு தினமும் எழுப்பி நடக்கவைத்தல் ஆகியவை அடிப்படை. மருந்துச்சீட்டைப் போலவே சாப்பாட்டுக் கணக்கும் சிகிச்சையின் பகுதியே.