தோட்டத்து வானத்தைப் பங்கிட்டுக் கொள்வது எப்படி?

நெகிரி செம்பிலானில் பெரிய விமான நிலையம் கிடையாது. ஆனால் விமானச் சத்தத்துக்கு அங்கே பஞ்சமும் கிடையாது. காரணம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது.

1998 ஜூன் மாதம் செப்பாங்கில் கேஎல்ஐஏ திறக்கப்பட்டது. அதன் ஓடுபாதைகள் வடமேற்கு, தென்கிழக்குத் திசையில் கிடப்பவை. தென்கிழக்கிலிருந்து இறங்கும் விமானம் போர்ட்டிக்சன், லுக்குட் பக்கமாகத்தான் தாழ்ந்து வர வேண்டும். லுக்குட் அருகே சுமார் 3,000 அடி உயரத்தில் வரும் விமானம், ஓடுபாதைக்கு இரண்டரைக் கிலோமீட்டர் இருக்கும்போது 400 அடிக்கு இறங்கிவிடும். இந்த 400 என்ற எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

வானத்தை அண்ணாந்து பார்ப்பதோடு சரி, அதில் தோட்ட மக்களுக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் மலாயாக் காடுகளின் மீது விமானங்கள் துண்டறிக்கைகளைக் கொட்டின. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் போட்ட பயிர்களின் மீது மருந்தும் தெளித்தன. லயத்தில் இருந்தவனுக்கு அன்று விமானம் என்றால் அரசாங்கம். பிற்பாடு விமானம் என்றால் ஊருக்குப் போய் வருவது.

ஒரு முறை விமானமே தோட்டத்துக்குள் இறங்கப் பார்த்தது. சைம் டார்பியும் ஏர் ஏசியாவும் சேர்ந்து, லாபுவில் 160 கோடி ரிங்கிட் செலவில் மலிவுக் கட்டண விமான நிலையம் கட்டப் போவதாகத் திட்டம் போட்டன. பெரிய சர்ச்சை கிளம்பியது. 2009 ஜனவரி முடிவதற்குள் அரசாங்கம் திட்டத்தை ஓரங்கட்டியது. அதற்கு மாற்றாக வந்த கேஎல்ஐஏ 2, செப்பாங்கிலேயே 2014 மே மாதம் திறக்கப்பட்டது.

இன்று நிலைமை தலைகீழ். விமானம் தோட்டத்துக்கு வரவில்லை. தோட்டம்தான் வானத்தில் ஏறுகிறது. டிரோன் வந்துவிட்டது.

இது விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. தோட்டத்தில் மருந்தடிப்பு யார் வேலையாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் பெண்கள். முதுகில் மருந்துப் பம்பு, முகத்தில் ஒரு துணி, காலில் இருந்தால் பூட்ஸ். களைக்கொல்லியான பாராகுவாட்டால் நகம் கறுத்தது, தோல் வெந்தது, கண் எரிந்தது. தெனாகானித்தா அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பெண்களின் நிலையைத்தான் பேசியது. அதே ஆண்டு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்த அரசாங்கம், 2006இல் அதைத் தளர்த்தியது. முழுத்தடை வர 2020 ஜனவரி ஆயிற்று. அதற்குள் எத்தனை பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள்! இன்று அந்தப் பம்பைப் பெரும்பாலும் தூக்குவது இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள். தூக்கும் முதுகு மாறியது, சுமை மாறவில்லை.

டிரோன் இந்தச் சுமையை இறக்குமா? பாதி இறக்கும். வளர்ந்த செம்பனையின் மட்டைக்குக் கீழே முளைக்கும் களையை மேலிருந்து டிரோன் தொட முடியாது. இளங்கன்று நட்ட காட்டில் முடியும். மட்டையைத் தின்னும் ‘உலாட் புங்குஸ்’ புழுவுக்கு மேலிருந்துதான் அடிக்க வேண்டும். பேராக்கில் அதற்குச் சிறு விமானத்தையே பறக்கவிட்டு மருந்து தெளித்தார்கள். இப்போது அந்த வேலையை டிரோனும் செய்கிறது. ஆக, ஒரே வேலைக்கு ஒரே மரத்தின் மேல் ஆள் ஓட்டும் விமானமும் ஆளில்லாத விமானமும் வரக்கூடிய காலம் இது.

விமானங்கள் வானத்தைப் பங்கிட்டுக் கொள்ளக் கற்ற பாடம் இரத்தத்தில் எழுதப்பட்டது. ஆரம்ப காலத்தில் விதி ஒன்றுதான்: விமானி கண்ணால் பார்த்து விலக வேண்டும். 1956 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் மேல் இரண்டு விமானங்கள் மோதி 128 பேர் மாண்டார்கள். இரண்டே ஆண்டில் அந்த நாடு விமானப் போக்குவரத்துக்குத் தனி அமைப்பைச் சட்டம் போட்டு உருவாக்கியது. 1996 நவம்பர் 12 அன்று டில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் நடந்தது இன்னும் கொடுமை. 14,000 அடியில் சவூதி விமானம். 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கியது. 349 பேர், ஒருவர் மிஞ்சவில்லை. அதன் பிறகே மோதல் தவிர்க்கும் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது.

அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது? எதிரே வரும் விமானம் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சமிக்ஞை கொடுக்க வேண்டும். தோட்டத்து டிரோன் பொதுவாக அப்படிக் குரல் கொடுப்பதில்லை. சாதாரண ரேடாரிலும் தெரிவதில்லை. விமானி கண்ணால் பார்க்கலாம் என்றால், அந்த வேகத்தில் அரை மீட்டர் பொருள் கண்ணில் படும்போது விலக நேரம் இருக்காது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயை அணைக்கப் போன விமானத்தின் இறக்கையில் சிறு டிரோன் ஒன்று ஓட்டை போட்டது. விமானம் பத்திரமாக இறங்கியது. ஆனால் தீ எரிந்து கொண்டிருந்தபோது அது சில நாள் தரையில் கிடந்தது.

மோத வேண்டியதுகூட இல்லை. 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக்கில் டிரோன் தெரிந்தது என்ற தகவலே சுமார் 1,000 விமானச் சேவைகளைப் பாதித்தது. 2019 ஜூனில் சிங்கப்பூர் சாங்கியிலும் ஓர் இரவில் 37 விமானங்கள் தாமதமாயின.

மலேசியாவில் 2016ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்து விதிகள் டிரோனுக்கு வரம்பு கட்டின. அனுமதியில்லாமல் 400 அடிக்கு மேல் போகக் கூடாது; விமான நிலைய வட்டாரத்தில் பறக்கக் கூடாது; 20 கிலோவுக்கு மேற்பட்டதற்கு அனுமதி வேண்டும். 2018 முதல் இதைக் கவனிப்பது மலேசியச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். மருந்து நிரப்பிய பெரிய டிரோன் 20 கிலோவைச் சுலபமாகத் தாண்டும் என்பதைத் தோட்ட நிர்வாகங்கள் மறக்கக் கூடாது.

உண்மையைச் சொன்னால், மருந்தடிக்கும் டிரோன் பெரிய ஆபத்தல்ல. அது மரத்து உச்சிக்குச் சில மீட்டர் மேலேயே ஊர்ந்து போகும். காட்டை அளக்கவும் படம் பிடிக்கவும் உயரப் போகும் டிரோன்தான் கவலைக்குரியது. கீழே இறங்கி வரும் விமானங்களும் உண்டு. நோயாளியை ஏற்றப் போகும் ஹெலிகாப்டர், வெள்ளத்தில் ஆள் தேடும் ஹெலிகாப்டர், இராணுவ ஹெலிகாப்டர் எதுவும் 400 அடி என்று கோடு பார்த்து நிற்காது. அங்கே வழிவிட வேண்டியது டிரோன்தான். ஓட்டுபவர் டிரோனைக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் வைத்திருக்க வேண்டும். பக்கத்தில் வானத்தைப் பார்க்கவே ஓர் ஆள் நிற்பது நல்லது. சத்தம் கேட்டதும் இறக்கிவிட வேண்டும். சம்பளத்துக்கு இன்னோர் ஆளா என்று முணுமுணுக்கும் குத்தகைக்காரர்கள் இருப்பார்கள். செப்பாங் ஓடுபாதைக்குச் சற்றுத் தூரத்தில் இருக்கும் தோட்டத்தில் ஒரே ஒரு தவறு நடந்தால் போதும், சுற்றியுள்ள எல்லாத் தோட்டங்களிலும் டிரோன் நின்று, பம்பு மறுபடி முதுகில் ஏறும்.

விவசாய டிரோன் ஓட்டுவதற்குப் பயிற்சியும் திறன் சான்றிதழும் இருக்கின்றன. லாபுவிலும் ரந்தாவிலும் பகாவிலும் மருந்தடித்த தாய்மார்களின் பேரப்பிள்ளைகள் அந்த வகுப்பில் உட்காருவார்களா, அல்லது வெளியூர்க் குத்தகைக் கம்பெனியின் ஆட்கள் வந்து ஓட்டிவிட்டுப் போவார்களா என்பது இப்போது முடிவாகிக் கொண்டிருக்கிறது.