ஓர் இலிகிதரின் சம்பள ஏற்றம்

1962இல் கேகாலைக் கச்சேரியில் கடமையாற்றிய கோடீஸ்வரன் என்னும் தமிழ் உத்தியோகத்தருக்கு வருடாந்தச் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. குற்றம்? சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்கு அவர் தோற்றவில்லை. 1961ஆம் ஆண்டின் திறைசேரிச் சுற்றுநிருபம் அதனைக் கட்டாயமாக்கியிருந்தது. அவரோ 1952இல், அரசகருமம் ஆங்கிலத்தில் நடந்த காலத்திலே, சேவையிற் சேர்ந்தவர்.

அவர் வழக்காடினார். சிங்களம் மட்டும் சட்டம் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என 1964இல் மாவட்ட நீதிபதி டி கிறெற்சர் தீர்ப்பளித்தார். 1967இல் உயர் நீதிமன்றம் மொழிப் பிரச்சினையைத் தொடவேயில்லை. அரச ஊழியன் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்கிட முடியாதென்று கூறி அத்தீர்ப்பைப் புரட்டிற்று. எத்துணை வசதியான வழி! 1969இல் இலண்டன் கோமறைக் கழகம் அது தவறெனக் கண்டு, மொழி வினாவைத் தீர்க்குமாறு வழக்கை இங்கே திருப்பியனுப்பியது. 1971இல் அக்கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிந்தது; 1972இன் புதிய அரசியலமைப்போடு 29ஆம் பிரிவும் மறைந்தது. வினா விடையின்றியே கிடக்கிறது.

சிங்களம் கற்பது தமிழனுக்கு இழிவன்று. கற்கும் கடமையை ஒரு சாரார் தலையில் மட்டும் சுமத்தியதே அநீதி. தமிழும் அரசகரும மொழியாவதற்கு 1987 வரை காத்திருக்க நேர்ந்தது. புதிதாகச் சேரும் உத்தியோகத்தர், சிங்களவராயினும் தமிழராயினும், ஐந்தாண்டுகளுள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டுமென்ற சுற்றுநிருபம் 2007இலேதான் வெளியாயிற்று.