கன்பராவும் அதன் பக்கத்து ஊரும்

அவுஸ்திரேலியாவின் தலைநகர் எது என்று வகுப்பில் கேட்டால் முதலில் வரும் பதில் சிட்னி. அடுத்தது மெல்பேர்ன். கன்பரா என்று சொல்பவர் ஓரிருவர்தான்.

உண்மையில் அந்த இரண்டு நகரங்களின் போட்டியால்தான் கன்பரா உருவானது. 1901இல் நாடு ஒன்றிணைந்தபோது இரண்டுமே விட்டுக்கொடுக்கவில்லை. தலைநகர் நியூ சவுத் வேல்ஸில் அமையும், ஆனால் சிட்னியிலிருந்து 100 மைலுக்குக் குறையாத தூரத்தில் இருக்கும் என்று அரசியலமைப்பிலேயே எழுதினார்கள்.

1908இல் தெரிவான இடம் ஆடு மேயும் புல்வெளி. பக்கத்தில் குவீன்பியன் என்ற நாட்டுப்புற ஊர் 1838 முதலே இருந்தது. ஆற்றங்கரையில் தேவைக்கேற்ப வளர்ந்த ஊர். 1887இல் ரயிலும் வந்துவிட்டது. தலைநகர எல்லையை வகுத்தபோது இந்த ஊரை வெளியே விட்டார்கள்.

கன்பரா வளர்ந்த விதம் வேறு. சர்வதேசப் போட்டி வைத்து, 1912இல் சிக்காகோ கட்டடக்கலைஞர் வோல்டர் பேர்லி கிரிபினின் திட்டத்தைத் தெரிவுசெய்தார்கள். படங்களை வரைந்தவர் அவரது மனைவி மரியன். இருவரும் அந்த நிலத்தை அப்போது நேரில் கண்டதே இல்லை! படத்தில் இருந்த ஏரி நிரம்பியது 1964இல்தான்.

திட்டத்தில் இல்லாதவை எங்கே போயின? பக்கத்து ஊருக்குத்தான்.

1911 முதல் 1928 வரை கன்பராவில் மது விற்கத் தடை. நம் பார்வையில் நல்ல சட்டம். ஆனால் நகரத்தைக் கட்டிய தொழிலாளர்கள் எல்லை தாண்டி குவீன்பியனில் குடித்தார்கள். தலைநகர் சுத்தமாகத் தெரிந்தது, தொல்லை அயலூருக்குப் போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து வந்த குடியேறிகளில் பலருக்கும் அந்த ஊரே இடம் கொடுத்தது.

இன்னொரு சம்பவம் மனதை உறுத்துவது. 1927 மே 9இல் கன்பராவில் பாராளுமன்றம் திறக்கப்பட்டது. ஜிம்மி கிளெமென்ட்ஸ் என்ற முதிய ஆதிக்குடி மனிதர் மலைப்பாதையில் பல நாள் நடந்து அங்கே வந்தார். அவரது உடையைப் பார்த்துப் பொலிஸார் விலகிப் போகச் சொன்னார்கள். கூடியிருந்த மக்கள்தான் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். சில மாதங்களில் அவர் இறந்தார். அடக்கம் செய்யப்பட்டது கன்பராவில் அல்ல, குவீன்பியன் மயானத்தில்.

திட்டமிடுவது தவறல்ல. கன்பரா இன்று அழகான, ஒழுங்கான நகரம். ஆனால் வரைபடம் கோட்டுக்குள் இருப்பதை மட்டுமே காட்டும்.

நம் ஊர்களுக்கும் புதிய சந்தை, புதிய பஸ் நிலையம் என்று படங்கள் வருகின்றன. படம் அழகா என்று பார்ப்பதோடு நிற்காமல், இப்போது அங்கே பாய் விரித்து மரக்கறி விற்கும் உம்மாமாருக்கு அந்தப் படத்தில் இடம் எங்கே என்றும் கேட்போம். கட்டி முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.