மட்டாஞ்சேரியில் நல ஓய்வூதியம்: அருகில் வந்த சாளரமும் சிதறிய பொறுப்பும்

1967 நவம்பர் 1 அன்று எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி நகராட்சிகளும் அவற்றை ஒட்டிய சில பகுதிகளும் இணைந்து கொச்சி மாநகராட்சி உருவானது. மட்டாஞ்சேரி தன் நகராட்சியை இழந்தது. அதன் நிர்வாகத் தலைமை காயலின் மறுகரைக்குச் சென்றது.

அக்காலத்தில் நல உதவிகள் பெரும்பாலும் அரசுத் துறைகளின் பொறுப்பில் இருந்தன. 1980இல் கேரளம் தொடங்கிய விவசாயத் தொழிலாளர் ஓய்வூதியமும் அவ்வாறே. 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம், 1994ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டம், 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் ஆகியவற்றின் வழியே அதிகாரம் கீழிறங்கியது. ஓய்வூதிய விண்ணப்பத்தைப் பெறுவதும் தகுதியை ஆராய்வதும் உள்ளாட்சியின் பணிகளாயின.

2016இல் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் ஓய்வூதியத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தன. 2019இல் பயனாளி உயிருடன் இருப்பதைக் கைரேகை கொண்டு உறுதிசெய்யும் 'மஸ்டரிங்' அட்சயா மையங்களில் தொடங்கியது. படுக்கையில் இருப்போருக்கு வீட்டிலேயே அதைச் செய்ய வழிவகுக்கப்பட்டது.

ஒவ்வொரு சீரமைப்பும் ஏதோவொரு சாளரத்தை மக்களுக்கு அருகில் கொணர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒப்புதல் ஓரிடம், பணம் ஓரிடம், சரிபார்ப்பு ஓரிடம் எனப் பொறுப்பு பிரிந்தது. ஓய்வூதியம் நின்றுபோன மூதாட்டிக்குத் தொலைவு இன்று தடையன்று. எந்தச் சாளரம் தனக்கு விடையளிக்கக் கடமைப்பட்டது என்பதே அவர் அறியாதது. அதற்குரிய ஓர் அலுவலகத்தைச் சுட்டாத சீரமைப்பு பாதிப் பணியே.