புழுங்கலரிசி காத்த கால்கள்

குந்தி அமர்ந்த மனிதன் கையூன்றாமல் எழ இயலுமா? பெரிபெரி என்னும் நோயை அறிய மருத்துவர் கைக்கொண்ட சோதனைகளுள் மிக எளியது இதுவே. எழ முடியாதவனுடைய கால்கள் நோய்க்கு ஆட்பட்டுவிட்டன என்பது பொருள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் நாட்டின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் இவ்வாறு கால் ஓய்ந்து வீழ்ந்தோர் பல்லாயிரவர். அவர்களுள் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர். அதே கோலாலம்பூரில் இரயில் பாதை போட்டும், அதே கிள்ளான் வட்டாரத்தில் காடழித்து இரப்பர் நட்டும் உழைத்த தமிழரை அந்நோய் அரிதாகவே தீண்டியது. ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடிய முயற்சி உலக மருத்துவ வரலாற்றில் ஓர் அரிய ஏடாகும். அவ்வேட்டின் சில பக்கங்கள் கோலாலம்பூரிலேயே எழுதப்பட்டவை.

நோய் முதலில் காலை நாடுவானேன் என்பதை அறிய, காலின் அமைப்பைச் சிறிது நோக்கல் வேண்டும். இடுப்புப் பகுதியில் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்புகள் பல ஒன்றுகூடி, விரல் பருமனுள்ள பெருநரம்பாகித் தொடையின் பின்புறம் இறங்குகின்றன. உடலிலேயே பெரிய நரம்பு இதுதான். முழங்காலுக்குச் சற்று மேலே இது இரண்டாகப் பிரியும். ஒரு கிளை கெண்டைக்கால் தசைகளுக்கும் உள்ளங்காலுக்கும் செல்லும். மற்றொன்று முழங்காலின் வெளிப்புறமாக வளைந்து, கணைக்காலின் முன்புறத் தசைகளுக்குச் சென்று, பாதத்தை மேலே தூக்கும் ஆற்றலைத் தரும். கால்விரல் வரை எட்டும் நரம்பிழை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ளது. அதற்கு உயிரளிக்கும் அணுவோ முதுகுத் தண்டின் அருகே இருக்கின்றது. வாய்க்காலில் நீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தானே? அதுபோல, நரம்புக்கு வேண்டிய சத்துக் குறையுங்கால் முதலில் வாடுவது பாதமே.

பெரிபெரி கண்டவனுக்கு முதலில் உள்ளங்கால் மரத்துப்போகும். கெண்டைக்காலை அழுத்தினால் வலி பொறுக்காது. முழங்காற் சிப்பிக்குக் கீழே தட்டினால் கால் தன்னியல்பாக உதைக்க வேண்டும், அது உதைக்காது. பின்னர்ப் பாதம் தொங்கிப்போக, அது தரையில் தட்டாதிருக்கும் பொருட்டு முழங்காலை உயரத் தூக்கி நடப்பான். வேறு சிலருக்கு இதயம் தளர்ந்து கால் வீங்கும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும். அத்தகையோர் திடீரென மாண்டுபோதலும் உண்டு.

1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டபோது, அதன் முன் நின்ற பெருஞ்சிக்கல்களுள் இந்நோயும் ஒன்று. அதன் முதல் இயக்குநர் ஹாமில்ட்டன் ரைட் இதனைக் கிருமியால் பரவும் தொற்றுநோய் என்று கொண்டார். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் அதற்கு மாறாகச் சோற்றுப் பானையை நோக்கினார். சீனர் உண்டது ஆலையில் தீட்டி, நாட்பட்ட வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர் உண்டது அவ்வப்போது வீட்டில் குத்திய அரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. நாட்பட்ட வெள்ளை அரிசியில் ஏதோ நச்சு ஊறுகிறது என்று அவர் முடிவு செய்து, 1907இல் விரிவான நூலும் வெளியிட்டார்.

ஆயினும் இனத்தால் வேறுபட்டோர் உணவால் மட்டுமா வேறுபடுகின்றனர்? குடியிருப்பும், தொழிலும், பழக்கங்களும் வேறாக இருக்கும்போது அரிசி ஒன்றையே காரணமெனக் கூறுவது எங்ஙனம்? இவ்வையத்தைச் சோதனையால் தீர்க்க முனைந்தவர் மருத்துவர் வில்லியம் பிளெட்சர். 1905இல் கோலாலம்பூர் மனநோயர் இல்லத்தில் பெரிபெரி பரவிப் பலர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் அங்கிருந்தோர் அனைவரையும் உணவுக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி எண்ணிட்டார்கள். ஒற்றைப்படை எண் பெற்றோர் கிழக்குக் கட்டடத்துக்கும், இரட்டைப்படை எண் பெற்றோர் மேற்குக் கட்டடத்துக்கும் அனுப்பப்பட்டனர். இரண்டு கட்டடங்களும் ஒரே மாதிரியானவை. முன்னவர்க்குச் சயாம் பச்சரிசி. பின்னவர்க்கு வங்காளப் புழுங்கலரிசி. ஏனைய உணவெல்லாம் ஒன்றே. கட்டடமே நோய்க்குக் காரணமோ என்னும் ஐயத்தைப் போக்க, இடையில் இரு சாராரையும் இடம் மாற்றினர், அரிசியை மாற்றவில்லை.

ஓராண்டின் முடிவில் கண்டது இது: பச்சரிசி உண்ட 120 பேருள் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேருள் நோயுற்றிருந்தோர் இருவரே. அவ்விருவரும் இல்லத்துக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். அப்பிரிவில் அந்நோயால் ஒருவரும் சாகவில்லை. 1907இல் இலண்டன் மருத்துவ இதழான ‘லான்செட்’ இம்முடிவை வெளியிட்டது.

பிளெட்சரின் முறையை இன்றைய மருத்துவ ஆய்வாளரும் பாராட்டுவர். எனினும் மாண்ட 18 பேரையும் மறத்தலாகாது. எந்த அரிசி வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. கேட்டிருப்பினும் விடைகூறும் நிலையில் எத்தனை பேர் இருந்திருப்பர்? உலகம் பெற்ற இவ்வறிவு அவர்கள் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்றது.

அரிசியே காரணம் என்பது தெளிந்தது. ஆனால் வெள்ளை அரிசியில் நச்சு இருக்கின்றதா, அல்லது இருக்க வேண்டிய ஒன்று இல்லையா? அடுத்து எழுந்த வினா இது. ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் ஆகிய இருவரும் நெகிரி செம்பிலானில் டுரியான் திப்புஸ் என்னும் இடத்தில் சாலை போட்ட சாவகத் தொழிலாளர் 300 பேரை இரு கூட்டமாகப் பிரித்து ஆராய்ந்தனர். வெள்ளை அரிசி உண்ட கூட்டத்தில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றியதும் நின்றது. மற்றக் கூட்டத்துக்கு வெள்ளை அரிசி கொடுத்தபோது அவர்களிடமும் நோய் தலைகாட்டியது. பின்னர்க் கோழிகளைக் கொண்டு செய்த ஆய்வில், தவிட்டின் சாறே நோயைத் தடுக்கும் என்று காட்டினர். எனவே குற்றம் நச்சினது அன்று. ஆலை அரைத்து நீக்கிய தவிட்டோடு போய்விட்ட சத்தின் குறைவே. சாவகத்தில் ஐக்மனும் கிரைன்சும் கோழிகளிடம் முன்னரே கண்ட உண்மையோடு இது பொருந்தியது. 1926இல் யான்சன், டோனாத் ஆகிய இருவரும் பத்தேவியாவில் அச்சத்தைத் தனியே பிரித்தெடுத்தனர். தயாமின் என்றும், ‘பி1’ உயிர்ச்சத்து என்றும் இன்று வழங்குவது அதுவே.

புழுங்கலரிசியில் அச்சத்து எவ்வாறு தங்குகிறது? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, உமிக்குள்ளிருக்கும் தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்து நீரில் கரைந்து அரிசியின் உள்ளே ஊடுருவுகின்றது. மாவுப்பொருள் வெந்து இறுகி அதனைப் பற்றிக்கொள்கின்றது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அது முற்றும் போவதில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பெண்டிர் நெல் அவித்தது, குத்தும்போது அரிசி நொறுங்காதிருக்கவும் கெடாதிருக்கவுமே, நோயை எண்ணியன்று. ஆதலின் இதனை முன்னோரின் மருத்துவ அறிவு என்று போற்றுதல் மிகையாகும். தமிழரின் இனச் சிறப்பு என்றலும் பொருந்தாது. அந்நாளைய சென்னை மாகாணத்தின் வடகோடியில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட தெலுங்கு மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. காத்தது பழக்கம், குருதி அன்று.

அப்பழக்கம் நரம்பைக் காத்ததே ஒழியப் பாதம் முழுவதையும் காக்கவில்லை. தோட்டப்புறத்தில் வெறுங்காலோடு ஈரமண்ணில் நடந்து பால்மரம் வெட்டியவர்களின் விரலிடுக்கு வழியே கொக்கிப்புழுவின் குஞ்சுகள் நுழைந்தன. நுழைந்த இடம் அரித்தது. புழு குருதியோடு நுரையீரல் சென்று, தொண்டை வழியே குடலை அடைந்து குருதியை உறிஞ்சியது. சோகை பிடித்தவன் கால் வீங்கி, மலை ஏற மாட்டாமல் மூச்சு வாங்கினான். அதனைச் சோம்பல் என்று கருதிய கங்காணிகளும் உண்டு. ராக்பெல்லர் அறநிலையம் அனுப்பிய டார்லிங் முதலான மூவர் குழு, மலாயாவிலும் சாவகத்திலும் பீஜியிலும் இதனை ஆராய்ந்து 1920இல் அறிக்கை தந்தது. இதற்கு மருந்து அரிசியில் இல்லை. கழிப்பிடத்திலும் காலணியிலும் இருந்தது. அவை இரண்டும் தொழிலாளி ஒருவனால் மட்டும் ஆகக்கூடியவை அல்ல. தோட்டத்தை நடத்தியோர் செய்ய வேண்டியவை.

இன்று பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ பெரிபெரியைக் காண்பது அரிது. அளவின்றி மது அருந்துவோர் முதலானோரிடம் தயாமின் குறைவு இன்னும் மறைந்திருக்கின்றது. ஆனால் அதே நீண்ட நரம்பு வேறொரு பகைவனிடம் சிக்கியுள்ளது. மலேசியாவின் பேரினங்கள் மூன்றனுள் நீரிழிவு மிகுந்திருப்பது இந்தியரிடையே என்று நாட்டு நலக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. நீரிழிவும் கடைமடையிலிருந்தே தொடங்குகின்றது. பாதம் மரத்துப்போவதால், குத்திய முள்ளும் கடித்த செருப்பும் தெரிவதில்லை. சிறு கொப்புளம் புண்ணாகி, புண் அழுகி, இறுதியில் காலையே எடுக்க நேர்கின்றது. இத்தகைய இழப்புகளுள் பல, நாள்தோறும் உள்ளங்காலைப் பார்த்திருந்தால் நேர்ந்திரா.

நூறாண்டுகளுக்கு முன் தமிழரின் கால்களைக் காத்தது அவர்கள் அறியாமலே கைக்கொண்ட ஒரு பழக்கம். இனி அறிந்தே பழகல் வேண்டும். பள்ளியில் உடல்நூல் பாடம் நடத்தும் ஆசிரியர் எலும்புகளின் பெயரைச் சொல்லிக் கொடுப்பதோடு நில்லாது, ‘இன்று மாலை உன் பாட்டியின் உள்ளங்காலைப் பார்த்து வா’ என்று ஒரு மாணவனை ஏவினால், அப்பாடம் ஒரு காலைக் காத்தாலும் காக்கும்.