குமரிக் கடற்கரையில் ஃபைபர் படகும் அதன் மறுபூச்சும்

ஃபைபர் படகு என்பது கண்ணாடியிழையையும் பாலியெஸ்டர் ரெசினையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யப்படும் படகு ஆகும். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரையுள்ள கடற்கரை ஊர்களில், கட்டுமரமும் மர வள்ளமும் இருந்த இடத்தில் இன்று பெரும்பாலும் இதையே காண்கிறோம். ஃபைபர் மரம்போல உளுத்துப்போவதில்லை. ஆகவே அதற்குப் பராமரிப்பே வேண்டாம் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. இப்பகுதியில் படகின் மேல்பூச்சு காலந்தோறும் எவ்வாறு மாறியது என்பதை அறிந்தால், பழைய ஃபைபர் படகுக்கு மறுபூச்சு ஏன் தேவை என்பது விளங்கும்.

எண்ணெய் பூசிய காலம்

கட்டுமரத்துக்குப் பூச்சு கிடையாது. எடை குறைந்த மரத்தடிகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குச் செல்வர். திரும்பியதும் கட்டவிழ்த்து மணலில் உலர்த்துவர். உலர்த்துவதே அதன் பராமரிப்பு. பழுதுற்ற தடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இரட்டை உடல் படகைக் குறிக்கும் 'கட்டமரான்' என்ற சொல் இதிலிருந்து பிறந்ததே.

வள்ளம் வேறு வகை. அயினி, மா போன்ற மரங்களின் பலகைகளைத் துளையிட்டுக் கயிற்றால் தைத்து அதைச் செய்தனர். தையல் வழியே நீர் புகாமலும் பலகையைப் புழு அரிக்காமலும் இருக்க முந்திரிக்கொட்டை எண்ணெய், மீன் எண்ணெய் போன்றவற்றைப் பூசினர். உடலைச் செய்துமுடித்த பிறகே பூச்சு. பூச்சு தேய்ந்தால் மீண்டும் பூசலாம்; பலகை கெட்டால் பிரித்து மாற்றலாம்.

முட்டமும் ஒட்டுப்பலகையும்

மரம் அரிதாகி விலை ஏறியபோது மாற்று தேடும் முயற்சிகள் தொடங்கின. பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார் பியர் ஜில்லெட் முட்டத்தில் படகு கட்டும் பணியில் ஈடுபட்டார். கோட்டாறு சமூக சேவை சங்கமும், இங்கிலாந்தைச் சேர்ந்த படகு வடிவமைப்பாளர் எட்வின் கிஃபர்டும் இம்முயற்சிகளில் பங்கேற்றனர். 1980களில் ஒட்டுப்பலகைப் படகுகள் உருவாயின. ஒட்டுப்பலகைகளின் விளிம்புகளைத் தைத்து, மூட்டின்மேல் கண்ணாடியிழை நாடாவை ரெசினால் ஒட்டும் முறை இதில் பயன்பட்டது. கயிற்றுத் தையல் அறிந்த கடற்கரைக்கு இது முற்றிலும் அந்நியமான முறை அன்று. கண்ணாடியிழை இவ்வாறு முதலில் மூட்டை அடைக்கும் பொருளாக வந்தது. 1957இல் கொச்சியில் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மரப்படகின் மேல் கண்ணாடியிழைப் போர்வை இடும் முறையையும் ஆராய்ந்தது.

வெளிப்பொருத்து எந்திரம் பரவியபோது, அதைத் தாங்கக்கூடிய இலேசான படகு தேவைப்பட்டது. முழு ஃபைபர் படகு அத்தேவையை நிறைவுசெய்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் குளச்சல், கொட்டில்பாடு, கீழமணக்குடி உள்ளிட்ட ஊர்கள் பேரிழப்பைச் சந்தித்தன. அதன்பின் நிவாரணமாக வந்த படகுகளில் பெரும்பாலானவை ஃபைபர் படகுகளே. தேவை மிகுந்து அவசரமாகக் கட்டப்பட்டதால் எல்லாப் படகுகளும் ஒரே தரத்தில் அமையவில்லை.

ஃபைபர் படகின் தோல்

ஃபைபர் படகு கட்டும் முறை மரப்படகுக்கு நேர்மாறானது. மெழுகு தடவிய அச்சில் முதலில் நிறம் கலந்த ரெசின் பூசப்படும். இதற்கு ஜெல்கோட் என்று பெயர். அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதன்மேல் கண்ணாடியிழைப் பாய்களை ரெசினில் நனைத்து அடுக்குவர். அதாவது நிறம் முதலில் வருகிறது; உடல் பின்னர் வருகிறது.

வெயிலின் புற ஊதாக் கதிர்கள் ஜெல்கோட்டைச் சுண்ணாம்புபோல் உதிரச்செய்கின்றன. கரையில் இழுத்து ஏற்றும்போது மணல் அடிப்பகுதியைத் தேய்க்கிறது. ஜெல்கோட் அழிந்தால் உள்ளிருக்கும் இழைகள் வெளிப்பட்டு, அவற்றின் வழியே நீர் ஊறும். படகின் எடை கூடும். அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். ஆகவே மறுபூச்சு அழகுக்காக மட்டும் செய்யப்படுவதன்று.

வீட்டில் மறுபூச்சு செய்யும் முறை

1. மழையில்லாத நாள்களைத் தேர்ந்து, படகை நிழலில் கவிழ்த்து வைக்க வேண்டும். நன்னீரும் சோப்பும் கொண்டு உப்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்கிப் பல நாள் உலரவிட வேண்டும்.

2. நாணயத்தால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஒலி வந்தால் உடல் நன்றாக உள்ளது. மந்தமான ஒலி வந்தால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம்.

3. விரிசலைச் சாய்வாகத் தேய்த்து அகலப்படுத்தி, புதிய கண்ணாடியிழைப் பாயை ரெசினால் ஒட்ட வேண்டும். தரையில் உராயும் அடிப்பகுதிக்குக் கூடுதல் அடுக்கு நல்லது. கோபால்ட் முடுக்கியையும் கடினமாக்கியையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, வெடிக்கும். முடுக்கியை ரெசினில் நன்கு கலந்த பிறகே கடினமாக்கியைச் சேர்க்க வேண்டும்.

4. 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 220 வரை தேய்க்க வேண்டும். கண்ணாடித் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அவசியம்.

5. எபாக்சி பிரைமர் ஒரு பூச்சும், அதன்மேல் பெயின்ட் இரு பூச்சும் தரலாம். இரு கூறு பாலியூரித்தேன் பெயின்டை வீட்டில் தெளிப்பானால் அடிக்கக் கூடாது. அதன் நுண்துளிகள் மூச்சுக்குழலைப் பாதிக்கும். தூரிகையும் உருளையும் போதும்.

நாள்தோறும் கரையேற்றும் படகில் சிப்பியும் பாசியும் ஒட்டி வளர இடமில்லை. ஆகவே அதற்குப் பாசித்தடுப்புப் பூச்சு தேவையில்லை. முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களில் நீரிலேயே நிற்கும் படகுகளுக்கு அது தேவை. முன்பு இப்பூச்சில் சேர்க்கப்பட்ட டிரைபியூட்டைல்டின் கடலுயிர்களைக் கெடுத்ததால், 2008இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை அதைத் தடைசெய்தது. இன்று செம்பு கலந்த பூச்சே வழக்கில் உள்ளது.

பதிவு எண்

படகின் பக்கத்தில் எழுதப்படும் பதிவு எண்ணில் 'டிஎன்-15' என்பது கன்னியாகுமரி மாவட்டத்தைக் குறிக்கும். கடலில் ஆபத்து நேர்ந்தால் படகை அடையாளம் காண உதவுவது இந்த எண்ணே. எனவே தேய்க்கும் முன் எண்ணைக் குறித்துக்கொண்டு, பூச்சு காய்ந்ததும் அதே எண்ணைத் தெளிவாக எழுத வேண்டும்.

பழைய படகின் முடிவு

கட்டுமரத் தடி கடைசியில் அடுப்புக்காவது உதவியது. ஃபைபர் படகுக்கு அந்த வழியும் இல்லை. இறுகிய ரெசினை மீண்டும் உருக்க இயலாது. எரித்தால் நச்சுப்புகை எழும். கைவிடப்பட்ட படகு கரையிலேயே கிடந்து நொறுங்கி, அதன் துகள்கள் மணலிலும் கடலிலும் சேர்கின்றன. உரிய காலத்தில் செய்யும் மறுபூச்சு ஒரு குடும்பத்துக்குப் புதுப்படகின் செலவைத் தள்ளிப்போடுகிறது. அந்த ஆண்டுகளில் கரையில் சேரும் குப்பையில் ஒரு படகு குறைகிறது.